எல்.இ.டி. பல்பின் ஆயுட்கால வரலாறு

வீடுகளில் பயன்படும் எல்.இ.டி. பல்புகளின் அட்டைப்பெட்டியில் 15,000 மணி, 25,000 மணி, சிலவற்றில் 50,000 மணி என்று ஆயுட்காலம் அச்சிடப்பட்டிருக்கும். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரித்தால் 25,000 மணி என்பது 5,000 நாள்கள், அதாவது பதின்மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் அப்படி அச்சிட்ட பல்பு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அணைந்துபோவதைப் பல வீடுகளில் காண்கிறோம். அதே நாளில் வாங்கிய மற்றொன்று எட்டு ஆண்டுகளாக எரிந்துகொண்டிருப்பதும் உண்டு.

இந்த வேறுபாட்டுக்கு மட்டமான தயாரிப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. பெரும்பாலும் அது பல்பு முழுவதையும் அத்தனை மணி நேரம் எரித்துப் பார்த்துப் பெற்ற எண் அன்று. பல்பினுள் இருக்கும் ஒளிச்சில்லின் வெளிச்சம் எவ்வளவு காலத்தில் மங்கும் என்று கணக்கிட்டுப் பெற்றது. விளக்கின் 'ஆயுள்' என்ற சொல்லுக்கு எப்போது இந்தப் பொருள் வந்தது என்பதை அறிய, மின்விளக்கின் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இழை விளக்கு: இழை அறுந்தால் முடிவு

1879 அக்டோபரில் அமெரிக்காவின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஆல்வா எடிசனின் குழுவினர் கரியாக்கிய பருத்தி நூலை இழையாக வைத்துச் சோதித்த விளக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம் எரிந்தது. அடுத்த ஆண்டில் மூங்கில் நாரைக் கரியாக்கிப் பயன்படுத்தியபோது 1,200 மணி நேரத்தை எட்ட முடிந்தது. 1910ஆம் ஆண்டளவில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டறிந்த பிறகு, கரி இழையின் இடத்தை டங்ஸ்டன் இழை பிடித்தது.

இந்தக் குண்டு பல்புகளின் ஆயுளை அளப்பதில் குழப்பம் இல்லை. இழை அறுந்தால் ஆயுள் முடிந்தது. ஒரு தொகுதிப் பல்புகளை ஒன்றாக எரித்து, அவற்றில் பாதி அணையும் நேரத்தைச் சராசரி ஆயுளாகக் கொண்டனர். எனவே 1,000 மணி என்று அச்சிட்டிருந்தால், அதற்கு முன்பே பாதிப் பல்புகள் அணைந்துவிடலாம் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்னும் ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்து வருகிறது. ஒகையோ மாநிலத்தின் ஷெல்பி எலக்ட்ரிக் நிறுவனம் கரி இழை வைத்துச் செய்த பல்பு அது. 'அந்தக் காலத்துப் பொருள் உழைத்தது, இப்போதையது உழைக்கவில்லை' என்பதற்குச் சான்றாகப் பலரும் இதைக் கூறுவர். ஆனால் அந்தப் பல்பு இன்று ஏறத்தாழ 4 வாட் அளவில், இரவு விளக்கைப் போல மங்கலாகவே எரிகிறது. அதை அணைத்து ஏற்றுவதும் மிக அரிது. குறைந்த வெப்பத்தில் ஓடும் இழை நெடுங்காலம் நிற்கும். அந்த ஒளியில் படிக்க முடியாது என்பதுதான் அதன் விலை.

ஆயிரம் மணி நேர ஒப்பந்தம்

இழை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வெண்மையான ஒளி கிடைக்கும். ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடும். ஆனால் டங்ஸ்டன் வேகமாக ஆவியாகி, இழை விரைவில் அறும். மின்னழுத்தத்தை 5 விழுக்காடு குறைத்தால் குண்டு பல்பின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். வெளிச்சமோ ஆறில் ஒரு பங்கு குறையும். ஆயுளும் வெளிச்சமும் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

1924 டிசம்பரில் ஜெனீவாவில் கூடிய பெரிய பல்பு நிறுவனங்கள் அந்த முடிவைத் தமக்குள் செய்துகொண்டன. ஜெர்மனியின் ஓஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் முதலியவை அதில் இருந்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நேரடி உறுப்பினராகச் சேராமல் வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் வழியாகத் தொடர்பு வைத்திருந்தது. ஃபீபஸ் கூட்டணி என்று பெயர் பெற்ற இந்த அமைப்பு உலகச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டது. வீட்டுப் பல்பின் ஆயுளை 1,000 மணி என்று வரையறுத்தது. உறுப்பு நிறுவனங்களின் பல்புகள் சுவிட்சர்லாந்தில் சோதிக்கப்பட்டன. வரையறையை மீறி அதிக காலம் எரிந்த பல்புகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1926இல் 1,800 மணியாக இருந்த சராசரி ஆயுள் 1933-34இல் 1,205 மணியாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போருடன் கூட்டணி கலைந்தது.

1951இல் பிரிட்டனின் ஏகபோக விசாரணைக் குழு இக்கூட்டணியின் செயல்களை ஆராய்ந்தது. சந்தைப் பங்கீட்டையும் விலைக் கட்டுப்பாட்டையும் குறை கூறிய அதே அறிக்கை, பொதுப் பயன்பாட்டுக்கு 1,000 மணி என்பது பொருத்தமான நடுநிலை என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. அதிக ஆயுள் கொண்ட பல்பு அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் தின்னும் என்பதே அதன் வாதம். ஆகவே 1,000 மணி என்ற எண்ணில் இயற்பியலும் இருந்தது, வணிகமும் இருந்தது. வாங்கியவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

இடையில் வந்த சி.எஃப்.எல்.

1938இல் சந்தைக்கு வந்த குழல் விளக்கில் அறுவதற்கு ஒளிரும் இழை இல்லை. 1980இல் பிலிப்ஸ் நிறுவனம் குண்டு பல்பின் இடத்தில் திருகி மாட்டக்கூடிய சிறு குழல் விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சி.எஃப்.எல். என்று நாம் அழைத்த இவ்வகை விளக்குகளுக்கு 6,000 முதல் 10,000 மணி வரை ஆயுள் கூறப்பட்டது.

இங்கே முதன்முறையாக ஒரு புதிய நிலை ஏற்பட்டது. ஒளி தரும் குழலும் அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் மின்னணுச் சுற்றும் ஒரே பல்புக்குள் அடைக்கப்பட்டன. குழல் நன்றாக இருக்கும்போதே சுற்று பழுதானால் விளக்கையே தூக்கி எறிய வேண்டும். அடிக்கடி போட்டு அணைக்கும் குளியலறை போன்ற இடங்களில் சி.எஃப்.எல். சொன்ன ஆயுளை எட்டவில்லை. எல்.இ.டி. பல்பிலும் பின்னர் இதே கதை தொடர்ந்தது.

நீல ஒளியும் ஒரு லட்சம் மணியும்

குறைக்கடத்தியிலிருந்து ஒளி வருவதை 1907இல் பிரிட்டனைச் சேர்ந்த ஹென்றி ரவுண்ட் குறித்து வைத்தார். 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். கணிப்பான், வானொலிப் பெட்டி ஆகியவற்றில் சிறு குறிகாட்டி விளக்காக அது பல ஆண்டுகள் பணியாற்றியது. பெட்டியே பழையதாகி ஒதுக்கப்படும் வரை அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்ததால், எல்.இ.டி.க்குச் சாவில்லை என்ற எண்ணம் பரவியது.

வீட்டுக்கு வேண்டிய வெள்ளை ஒளிக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. ஜப்பானில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரும், நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய ஷுஜி நகமுராவும் அதைச் சாதித்தனர். நகமுராவின் பிரகாசமான நீல எல்.இ.டி. 1993இல் வெளிவந்தது. நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசி வெள்ளை ஒளி பெறும் எல்.இ.டி.யை நிச்சியா 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது வெளியிடப்பட்ட அறிவிப்பு, குண்டு பல்புக்கு 1,000 மணி, குழல் விளக்குக்கு 10,000 மணி, எல்.இ.டி.க்கு 1,00,000 மணி வரை என்று ஒப்பிட்டுக் காட்டியது.

அந்த ஒரு லட்சம் மணி, நல்ல சூழலில் இயங்கும் எல்.இ.டி. சில்லுக்குப் பொருந்தும். சில்லை மூடியிருக்கும் பொருளுக்குக்கூட அது எப்போதும் பொருந்தவில்லை. தொடக்க கால வெள்ளை எல்.இ.டி.களில் சில்லை மூடியிருந்த எப்பாக்சி, நீல ஒளியாலும் வெப்பத்தாலும் மஞ்சளித்துச் சில ஆயிரம் மணிகளிலேயே வெளிச்சம் குன்றியது. பின்னர் சிலிக்கோன் மூடியும், வெப்பத்தைக் கடத்தும் அடித்தளமும் வந்து இக்குறையைப் பெருமளவு தீர்த்தன.

எல்70: ஆயுளுக்குப் புதிய பொருள்

எல்.இ.டி. சில்லு இழையைப் போலத் திடீரென அறுவதில்லை, மெல்ல மங்கும். அப்படியானால் ஆயுள் எப்போது முடிகிறது? வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறையும்போது, ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் வரை பெரும்பாலோர் அதை உணர்வதில்லை. எனவே தொடக்க வெளிச்சத்தில் 70 விழுக்காடாகக் குறையும் நேரத்தையே ஆயுளின் முடிவாகக் கொள்ளலாம் என்று அமெரிக்காவில் ரென்சலர் பல்தொழில்நுட்பக் கழகத்தின் விளக்கு ஆய்வு மையத்தைச் சார்ந்த குழு 2005இல் பரிந்துரைத்தது. இதுவே 'எல்70' எனப்படும் அளவு.

அடுத்த சிக்கல் காலம். 50,000 மணி என்பது இரவும் பகலும் எரித்தாலும் 5 ஆண்டு 8 மாதம். அத்தனை காலம் காத்திருந்தால் சோதித்த வகை சந்தையிலேயே இருக்காது. எனவே எல்.இ.டி. சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி எரித்து அளக்கும் எல்.எம்.-80 முறையை வட அமெரிக்க ஒளிப் பொறியியல் கழகம் 2008இல் வெளியிட்டது. அந்த அளவீட்டிலிருந்து எதிர்காலத்தைக் கணக்கிடும் டி.எம்.-21 முறை 2011இல் வந்தது. சோதித்த நேரத்தைப் போல அதிகபட்சம் 6 மடங்கு வரை மட்டுமே கணித்துக் கூறலாம் என்பது அதன் விதி. 6,000 மணி சோதித்தவர் 36,000 மணிக்கு மேல் உரிமை கோர முடியாது.

இம்முறைகள் நேர்மையானவை, பொறியாளர்களுக்குப் பயனுள்ளவை. ஆனால் எல்.எம்.-80 சோதனை சில்லுக்கு உரியது. சில்லை இயக்கும் சுற்று, பற்றவைப்பு, பல்பின் உடல் ஆகியவை அந்தச் சோதனை மேசைக்கு வருவதில்லை. முழுப் பல்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 62612கூட, வெளிச்சக் குறைவைக் கூறப்பட்ட ஆயுளில் கால் பங்கு நேரம், அதிகபட்சம் 6,000 மணி வரை மட்டுமே சோதிக்கச் சொல்கிறது. 6,000 மணி என்பது 250 நாள்கள். ஆக, 25,000 மணி என்று அச்சிட்ட பல்பு எதுவும் கடைக்கு வருமுன் 25,000 மணி எரிந்து காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

சோதனையில் வென்ற பல்பு

நன்றாகச் செய்தால் எல்.இ.டி. பல்பு நெடுங்காலம் உழைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 60 வாட் குண்டு பல்புக்கு மாற்றாக, 10 வாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் 900 லூமெனுக்கு மேல் ஒளி தரும் பல்பைச் செய்வோருக்கு 1 கோடி டாலர் பரிசு என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2008இல் அறிவித்தது. 2011இல் பிலிப்ஸ் நிறுவனம் அப்பரிசை வென்றது. போட்டிக்கு வந்த பல்புகளில் 200ஐ அரசு ஆய்வுக்கூடம் ஒன்று சூடான சூழலில் தொடர்ந்து எரித்துப் பார்த்தது. 25,000 மணியைக் கடந்தும் அவற்றின் சராசரி வெளிச்சம் ஏறத்தாழ முதல் நிலையிலேயே இருந்தது.

2012இல் அந்தப் பல்பு கடைக்கு வந்தபோது விலை 50, 60 டாலர். கனமான அலுமினிய உடலும் தரமான மின்சுற்றும் கொண்ட அந்தப் பல்பு, மலிவான பல்புகளுடன் போட்டியிட முடியாமல் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தது.

உண்மையில் முதலில் பழுதாவது எது?

ஒன்பது வாட் பல்பு ஒன்றின் மேல்மூடியைக் கழற்றினால், அலுமினியத் தகட்டின் மேல் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் சதுரங்கள் தெரியும். அவையே எல்.இ.டி.கள். அவற்றுக்குக் கீழே, 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை எல்.இ.டி.க்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக்கும் டிரைவர் சுற்று இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறைக்காக 2013இல் எல்.இ.டி. விளக்குச் சாதனங்களைக் கடும் வெப்பம், ஈரப்பதம், குளிர் ஆகியவற்றுக்கு மாறி மாறி உட்படுத்திச் சோதித்தபோது, பழுதுகள் பெரும்பாலும் எல்.இ.டி.யில் ஏற்படாமல் டிரைவர் சுற்றிலேயே ஏற்பட்டன.

டிரைவரில் மிகவும் நலிந்த உறுப்பு மின்பகு மின்தேக்கி. அதனுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல வற்றும். ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடுதலுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 105 டிகிரியில் 5,000 மணி என்று குறிக்கப்பட்ட மின்தேக்கியை எடுத்துக்கொள்வோம். 95 டிகிரியில் அது 10,000 மணியும், 85 டிகிரியில் 20,000 மணியும் உழைக்கும். நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால், 85 டிகிரியில் 11 ஆண்டு. 105 டிகிரியிலோ 3 ஆண்டுகூட இல்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரு பல்புகளில், காற்றோட்டமான தாழ்வாரத்தில் தொங்கியது உழைப்பதும், மூடிய கண்ணாடிக் கூண்டில் இருந்தது அணைவதும் இதனால்தான்.

குண்டு பல்பு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிராக முன்புறமே வீசிவிடும். எல்.இ.டி. அப்படி வீசுவதில்லை. அதன் வெப்பம் அடித்தகடு வழியாகப் பல்பின் உடலுக்கும், அங்கிருந்து காற்றுக்கும் போக வேண்டும். அந்த உடலுக்குள்ளேயேதான் மின்தேக்கி அமர்ந்திருக்கிறது.

மற்றொரு காரணம் தொடர் இணைப்பு. பெரும்பாலான பல்புகளில் எல்.இ.டி.கள் ஒன்றன்பின் ஒன்றாக, பழைய சீரியல் விளக்குச் சரம் போலக் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று எரிந்து கரும்புள்ளி விழுந்தால் மற்றவை நன்றாக இருந்தும் எல்லாம் அணையும். குறைந்த எண்ணிக்கையில் எல்.இ.டி.களை வைத்து ஒவ்வொன்றிலும் அதிக மின்னோட்டம் செலுத்தினால் தயாரிப்புச் செலவு குறையும், சூடு கூடும், இந்தக் கரும்புள்ளியும் விரைவில் வரும். போட்டு அணைக்கும்போது சூடாகி ஆறுவதால் பற்றவைப்பில் விரிசல் விடுவதும் உண்டு. பல்பு மினுக்கத் தொடங்கினால் பெரும்பாலும் மின்தேக்கியோ தளர்ந்த பற்றவைப்போ காரணமாக இருக்கும்.

லிவர்மோர் பல்புக்கும் இதே அனுபவம் ஏற்பட்டது. 2013 மே மாதத்தில் ஒரு நாள் அது அணைந்தது. நூறாண்டுப் பல்பு முடிந்தது என்றே பார்த்தவர்கள் எண்ணினர். ஆராய்ந்தபோது பல்பில் குறையில்லை. அதற்கு மின்சாரம் தந்த மின்வழங்கிக் கருவியே பழுதாகியிருந்தது. அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்ததும் பல்பு மீண்டும் எரிந்தது. லிவர்மோரில் மின்வழங்கி தனியாக இருந்ததால் பல்பு பிழைத்தது. எல்.இ.டி. பல்பில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன.

விலை வீழ்ச்சியும் இந்திய அனுபவமும்

இந்தியாவில் எல்.இ.டி. பல்பு எளிய வீடுகளுக்கும் வந்ததில் உஜாலா திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய இத்திட்டத்தின்கீழ் நடுவண் அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், ஒரு பல்பின் கொள்முதல் விலை 2014 ஜனவரியில் இருந்த ரூ.310இலிருந்து 2016இல் ரூ.38ஆக இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டன. மின்சாரச் சேமிப்பு பெரிது. 60 வாட் குண்டு பல்புக்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. எரித்தால் நாளுக்கு 5 மணி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 93 யூனிட் மிச்சம். ஒரே ஆண்டு எரிந்தாலும் பல்பு தன் விலையை ஈட்டிவிடும். 2018 முதல் இத்தகைய பல்புகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது.

விலை இறங்கியபோது உலகெங்கும் ஆயுள் எதிர்பார்ப்பும் இறங்கியது. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் சான்று தொடக்கத்தில் வீட்டு எல்.இ.டி. பல்புக்கு 25,000 மணி கேட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் பொதுவகைப் பல்புகளுக்கு அதை 15,000 மணியாகக் குறைத்தது. அந்நாட்டு அட்டைப்பெட்டிகளில் காணும் '22.8 ஆண்டுகள்' என்ற எண், நாளுக்கு 3 மணி நேரம் மட்டுமே எரியும் என்று வைத்து 25,000 மணியை வகுத்துப் பெற்றது. நம் வீட்டுக் கூடத்தில் மாலை 6 மணிக்குப் போட்டு இரவு 11 மணிக்கு அணைத்தால் அதே எண் பதின்மூன்றரை ஆண்டாகச் சுருங்கும்.

2021 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதி, முழுப் பல்பையே சோதிக்கிறது. 10 பல்புகளை இரண்டரை மணி எரித்து அரை மணி அணைத்து, இப்படி 1,200 முறை செய்ய வேண்டும். முடிவில் 9 பல்புகளேனும் எரிய வேண்டும். எரிந்த நேரம் மொத்தம் 3,000 மணி. அச்சிட்ட எண்ணுடன் ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் டிரைவரும் பற்றவைப்பும் சேர்ந்தே தேர்வு எழுதுகின்றன.

துபாய் பல்பு

மாற்று வழி உண்டு என்பதைத் துபாய் காட்டியது. 2016இல் துபாய் மாநகராட்சியும் பிலிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு பல்பை அறிமுகப்படுத்தின. 60 வாட் குண்டு பல்புக்கு ஈடான இது 3 வாட்டில் 600 லூமென் தந்தது. அதிக எண்ணிக்கையில் எல்.இ.டி. சரங்களை வைத்து ஒவ்வொன்றிலும் குறைந்த மின்னோட்டமே செலுத்தியதால் பல்பு சூடாவது மிகவும் குறைந்தது. குண்டு பல்பில் ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். எல்.இ.டி.யில் மின்னோட்டத்தைக் குறைத்தால் ஆயுளும் கூடும், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடும். கூடுதல் எல்.இ.டி.களுக்கான விலையே தடை. 2021இல் பிலிப்ஸ் இதே வழியில் 50,000 மணி என்று குறித்த பல்புகளை ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியது.

ஆயுள் எண்ணைப் படிக்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து பல்பு வாங்குவோர் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உள்ளன.

அட்டைப்பெட்டியில் உள்ள மணிக்கணக்கு, நல்ல காற்றோட்டத்தில் சில்லு எவ்வளவு காலத்தில் மங்கும் என்பதற்கான மதிப்பீடு. பல்பு அதுவரை அணையாது என்ற வாக்குறுதியாக அதைக் கொள்ள முடியாது. வாக்குறுதி என்று சொல்லத்தக்கது உத்தரவாதக் காலம் மட்டுமே. 25,000 மணி என்று அச்சிட்ட பெட்டியிலேயே உத்தரவாதம் 1 அல்லது 2 ஆண்டு என்றிருந்தால், தயாரித்தவர் தம் பணத்தை எந்த எண்ணின் மேல் வைக்கத் துணிகிறார் என்பது தெரிந்துவிடும். பல்பின் அடிப்பகுதியில் வாங்கிய தேதியை அழியாத மையால் எழுதி, ரசீதைப் பாதுகாத்தால் உத்தரவாதம் பயன்படும்.

ஒரே விலையில் இரு பல்புகள் இருந்தால், அதே வெளிச்சத்தைக் குறைந்த வாட்டில் தருவது குறைவாகச் சூடாகும். முழுதும் மூடிய கூண்டுகளில் அதிக வாட் பல்பைத் தவிர்ப்பது நல்லது. சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே மாட்டிய பல்பு விரைவில் அணைவதும் வெப்பத்தால்தான்.

ஃபீபஸ் கூட்டணி காலத்தில் பல்பின் ஆயுளை ஓர் அறையில் கூடியவர்கள் தீர்மானித்தனர். இன்று அப்படி ஒரு கூட்டணி தேவைப்படவில்லை. மலிவான மின்தேக்கி, மெல்லிய அலுமினியம், குறைந்த எண்ணிக்கையில் எல்.இ.டி. என்று ஒவ்வொரு ரூபாயாகக் குறைக்கும் போட்டியே அந்த வேலையைச் செய்கிறது. சில்லு பல ஆண்டுகள் எரியும் நிலையில் இருக்க, அதைச் சுற்றியுள்ள சில ரூபாய் உறுப்புகளால் பல்பு குப்பைக்குப் போகிறது. டிரைவரைத் தனியே கழற்றி மாற்றத்தக்க பல்புகளும், முழுப் பல்பையும் நெடுநேரம் சோதிக்கும் விதிகளும் பரவும்போதுதான் அச்சிட்ட எண்ணும் வீட்டில் எரியும் காலமும் நெருங்கி வரும்.